வியர்வைக்கு விலை 28,000 ரிங்கிட்டா?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சிக் கழகத்தில் என்னோடு ஒரே விடுதி அறையில் தங்கிப் படித்த நண்பர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். கணவன் மனைவி இருவருமே ஆசிரியர்கள். தேநீர் வந்தது. தேநீருக்குப் பின் நான்கு பக்க விலைப்பட்டியல் ஒன்றும் வந்தது. வீட்டின் பின்புறம் பழைய நாளிதழ்களும் உடைந்த மிதிவண்டியும் கிடக்கும் பொருள் வைப்பறையைச் 'சௌனா'வாக மாற்றப் போகிறார்களாம். மரப்பலகை அடித்த சிறு அறை, மூலையில் மின்சூடேற்றி, அதன்மேல் கற்கள், எண்பது, தொண்ணூறு பாகை வெப்பத்தில் உட்கார்ந்து வியர்த்துவிட்டு வெளியே வருவது. அதுதான் சௌனா.

"சார், நீங்கள்தான் அறிவியல் போதிக்கிறீர்களே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தேன். பார்த்ததை அவரிடமும் சொன்னேன். என் மனம் அடங்கவில்லை. எழுதட்டுமா என்று கேட்டேன். "பெயரைப் போடாமல் எழுதுங்கள்" என்று சிரித்துக்கொண்டே ஒப்புதல் தந்தார். ஆகவே அவருடைய பெயரும் இல்லை, விற்பனையாளரின் பெயரும் இல்லை. கணக்கு மட்டும் உண்டு.

சூடேற்றி 5,500 ரிங்கிட். மரச்சுவரும் இருக்கைப் பலகைகளும் 13,500. கண்ணாடிக் கதவு 2,200. மின்கம்பி வேலை 2,800. வெப்பக்காப்பும் காற்றுவழியும் 2,500. ஏற்றுக்கூலி, வேலைக்கூலி 1,500. கூட்டினால் 28,000 ரிங்கிட். ஐந்தாம் ஆண்டு மாணவனிடம் கொடுத்தாலும் இதே விடைதான் வரும். ஆனால் அந்தத் தாளில் எழுதப்படாத கணக்கு ஒன்று இருக்கிறது. அதைத்தான் எந்த விற்பனையாளரும் போட்டுக் காட்டுவதில்லை.

முதலில் கடன். 28,000 ரிங்கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் சௌனா கட்டுகிறார்கள்? நண்பர் பத்தாண்டுத் தனிநபர் கடன் எடுப்பதாகத் திட்டம். அசல் மீது ஆண்டுக்கு நான்கு விழுக்காடு என்று நிலையான வட்டியில் கணக்கிட்டால் வட்டி மட்டும் 11,200. ஆக மொத்தம் 39,200. மாதம் ஏறக்குறைய 327 ரிங்கிட், 120 மாதங்களுக்குச் சம்பளத்திலிருந்து பிடித்தம். நாமெல்லாம் அரசு ஊழியர்கள். சம்பளப் பிடித்தம் அறுபது விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அரசாங்கமே வரம்பு போட வேண்டிய நிலைக்கு நம் இனிய ஆசிரியச் சமுதாயம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாதக் கடைசியில் யார் யாரிடம் ஐம்பது வெள்ளி கைமாற்றுக் கேட்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

அடுத்தது மின்சாரம். ஆறு கிலோவாட் சூடேற்றி. அறையைச் சூடாக்க நாற்பது நிமிடம் முழு வேகத்தில் எரிய வேண்டும். அதுவே நான்கு அலகு. பிறகு ஒரு மணி நேரம் விட்டுவிட்டு எரியும்போது இன்னும் மூன்று, நான்கு அலகு. ஒரு குளியலுக்கு எட்டு அலகு என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று முறை என்றால் மாதம் நூறு அலகுக்கு மேல். அலகுக்கு ஐம்பது சென் என்று போட்டால் மாதம் ஐம்பது ரிங்கிட். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண முறையில் குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கத் தள்ளுபடி உண்டு. பயன்பாடு ஏற ஏற அந்தத் தள்ளுபடி கரைந்துபோகும். சௌனாவுக்குச் செலவாகும் நூறு அலகு, வீட்டின் மற்ற அலகுகளுக்குக் கிடைக்கும் சலுகையையும் சேர்த்துத் தின்னும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த எட்டு அலகு வெப்பம் எங்கே போகிறது? கதவைத் திறந்தவுடன் வீட்டுக்குள்தான் வருகிறது. பின்கட்டிலிருந்து வரவேற்பறை வரை பரவுகிறது. அங்கே குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கருவிக்குக் காசு கொடுத்து வீட்டைச் சூடாக்குகிறோம். மறு கருவிக்குக் காசு கொடுத்து அதே சூட்டை வெளியே தள்ளுகிறோம். ஆற்றல் அழியாது, உருமாறும் என்று வகுப்பில் பாடம் நடத்திவிட்டு வீட்டில் இப்படிச் செய்தால், நடத்திய பாடம் நமக்கே புரியவில்லை என்று பொருள்.

கடனும் பத்தாண்டு மின்கட்டணமும் சேர்ந்தால் 45,200 ரிங்கிட். வாரம் தவறாமல் மூன்று முறை, பத்தாண்டுகள், 1,560 குளியல். ஒரு குளியல் 29 ரிங்கிட். பரவாயில்லையே என்று தோன்றும். நண்பருக்கும் தோன்றியது. ஆனால் வாரம் மூன்று முறை பத்தாண்டுகள் யார் செய்வார்? ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டு மாடியில் ஓட்டப்பயிற்சிப் பொறி ஒன்று நிற்கிறது. 2,900 ரிங்கிட். அதில் நான் ஓடியது ஐந்து மாதம். இப்போது அதில் பள்ளிச் சீருடைகள் காய்கின்றன. என் அனுபவத்தை வைத்து, தாராளமாக ஆறு மாதம் என்று கொண்டாலும் 78 குளியல்தான். அப்படியானால் ஒரு குளியலின் விலை 500 ரிங்கிட்டுக்கு மேல்! கடன் மட்டும் மீதி ஒன்பதரை ஆண்டுகளுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்.

இனி அந்தத் தாளையே எடுத்துக்கொள்வோம். எனக்குச் சினம் வந்த இடம் அதுதான்.

அறையின் நீளம் இரண்டு மீட்டர், அகலம் ஒன்றரை, உயரம் 2.1. கொள்ளளவு 6.3 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்பது சௌனாச் சூடேற்றிகளுக்குரிய பொது விதி. ஆகவே ஆறு கிலோவாட் சரியாகத்தானே இருக்கிறது? இல்லை. அந்த விதி நான்கு புறமும் வெப்பக்காப்பு செய்யப்பட்ட அறைக்கு உரியது. காப்பு இல்லாத கல், ஓடு, கண்ணாடி எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1.2 கன மீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது சூடேற்றி செய்பவர்களே தரும் கணக்கு. நண்பரின் அறையில் ஒரு பக்கச் சுவரை 'அழகுக்காக' அலங்கார ஓடு பதித்து அப்படியே விடுகிறார்களாம். 4.2 சதுர மீட்டர். கண்ணாடிக் கதவு 1.4 சதுர மீட்டர். கூட்டிப் பாருங்கள். ஆறு கன மீட்டர் அறை பதின்மூன்று கன மீட்டர் அறைபோல் நடந்துகொள்ளும். ஆறு கிலோவாட் சூடேற்றி அங்கே மூச்சுத்திணறும். நாற்பது நிமிடத்தில் சூடாக வேண்டியது ஒன்றரை மணி நேரமானாலும் சூடாகாது. நான் மேலே போட்ட மின்கணக்கும் அப்போது பொய்யாகிவிடும். செலவு இன்னும் ஏறும்.

இதைவிட மோசமானது மின்கம்பி. ஆறு கிலோவாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 26 ஆம்பியர். நம் சுவர்ச் செருகி தாங்குவது 13 ஆம்பியர். ஆகவே தனிக் கம்பி, தனிப் பிரேக்கர் போட்டு, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவர் செய்ய வேண்டிய வேலை இது. 2,800 ரிங்கிட் அதற்குத்தான் என்று நினைத்தேன். கம்பியின் தடிமன் என்னவென்று விற்பனையாளரிடம் கேட்கச் சொன்னேன். நண்பர் என் முன்னாலேயே கைப்பேசியில் கேட்டார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. குளியலறை வாட்டர் ஹீட்டருக்குப் போகும் கம்பியிலேயே இணைத்துக்கொள்ளலாமாம், கவலை வேண்டாமாம்!

வாட்டர் ஹீட்டர் இழுப்பது பதினைந்து, பதினாறு ஆம்பியர். அதற்கேற்ற கம்பியில் 26 ஆம்பியரை ஒரு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் என்ன ஆகும்? பிரேக்கர் ஒழுங்காக இருந்தால் விழும். விழுகிறதே என்று பெரிய பிரேக்கராக மாற்றினால் கம்பி சுவருக்குள் சூடாகும். அந்தக் கம்பி ஓடுவதோ காய்ந்த மரப்பலகைக்குப் பின்னால். அப்படியானால் 2,800 ரிங்கிட் எதற்கு? வாட்டர் ஹீட்டர் கம்பியில் இரண்டு முனைகளைச் சேர்ப்பதற்கா? மாதக் கடன் கட்டுவது ஒரு துன்பம். வீடு எரிவது வேறு. இதைக் கேட்கத் தெரியாத பெற்றோர் எத்தனை பேர் இத்தகைய தாள்களில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

"உடம்புக்கு நல்லது சார். ஆராய்ச்சியே சொல்கிறது" என்றார் நண்பரின் துணைவியார்.

ஆராய்ச்சி இருக்கிறது; மறுக்கவில்லை. பின்லாந்தின் குவோப்பியோ வட்டாரத்தில் 2,315 நடுவயது ஆண்களை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2015ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் முடிவை வெளியிட்டார்கள். வாரம் நான்கு முதல் ஏழு முறை சௌனாவில் அமர்ந்தவர்களிடையே இதயநோயால் ஏற்பட்ட இறப்புகள் குறைவாக இருந்தன. நல்ல ஆய்வுதான். ஆனால் அது உற்று நோக்கிய ஆய்வு. நலமாக இருப்பவர்கள்தாம் அடிக்கடி சௌனாவுக்குப் போனார்களா, சௌனாவுக்குப் போனதால்தான் நலமாக இருந்தார்களா என்பதை அத்தகைய ஆய்வால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல இயலாது. அவர்கள் குழந்தைப் பருவம் முதல் அந்த வெப்பத்தோடு வளர்ந்தவர்கள். வெளியே உறைபனி. உள்ளே எண்பது பாகை. நம் நிலை அதுவா? ஆண்டு முழுவதும் முப்பது பாகைக்கு மேல் பகல் வெயில், காற்றில் எண்பது விழுக்காடு ஈரப்பதம். திடலில் காலைச் சபைக்கூட்டம் முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. மலேசிய ஆசிரியருக்கு வியர்வைப் பற்றாக்குறை என்று எந்த மருத்துவர் சொன்னார்?

'நச்சு நீங்கும்' என்று விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வியர்வை என்பது பெரும்பாலும் நீர். அதோடு கொஞ்சம் உப்பு. உடலின் கழிவுகளைப் பிரித்து நீக்கும் முதன்மை வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. அதற்கு மாதத் தவணை இல்லை. 'எடை குறையும்' என்றும் இருந்தது. குறையும், இரண்டு குவளை தண்ணீர் குடிக்கும் வரை.

நண்பரின் தாயார் அவர்களோடுதான் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர். "அம்மாவின் மூட்டு வலிக்கும் நல்லது" என்பதும் இந்தச் செலவுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரியவந்தது. நம் இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டைத் தாண்டியது. நீண்டகால நீரிழிவால் பாதங்களில் உணர்வு குன்றியவருக்குச் சுடுவது தெரியாது. இரத்த அழுத்த மாத்திரை உண்பவர் கடும் வெப்பத்தில் உட்கார்ந்து எழுந்தால் தலைசுற்றி விழக்கூடும். பின்லாந்திலேயே, சௌனாவில் யார் அதிக நேரம் தாங்குவது என்று ஆண்டுதோறும் நடத்திய போட்டியில் 2010ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்தார். 110 பாகை வெப்பம். அத்தோடு அந்தப் போட்டி நின்றது. பழகியவர்களுக்கே அந்தக் கதி. பாட்டியம்மாவை மருத்துவரிடம் கேட்காமல் அந்தப் பலகையில் உட்கார வைக்கலாமா? அந்த அம்மையார் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு எதற்குப்பா? அடுப்படியிலேயே வேர்த்துக் கொட்டுதே" என்றார். அங்கிருந்தவர்களில் அறிவியல் பேசியவர் அவர் ஒருவர்தான்.

பின்லாந்து மக்களை நான் குறை சொல்லவில்லை. ஐம்பத்தைந்து இலட்சம் பேர் வாழும் நாட்டில் ஏறக்குறைய முப்பது இலட்சம் சௌனாக்கள். புது நிலத்தில் குடியேறியவன் முதலில் சௌனாவைக் கட்டி அதிலேயே தங்கிக்கொண்டு பிறகு வீட்டைக் கட்டுவானாம். அதன் வெதுவெதுப்பில் பெண்கள் பிள்ளை பெற்றார்கள். இன்றும் அடுக்குமாடிகளில் குடியிருப்போர் அனைவருக்கும் பொதுவாக ஒரு சௌனா இருக்கும். வாரத்தில் இன்ன நாள் இன்ன குடும்பத்துக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ அவர்களின் சௌனாப் பண்பாட்டை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே அது ஏழைக்கும் எட்டுகிற பொதுப்பொருள். இங்கே அதை இறக்குமதி செய்யும்போது பொதுமையைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு, பலகையை மட்டும் கொண்டு வருகிறோம். அந்தப் பலகைக்கும் நம் ஊர்க் கரையான் காத்திருக்கிறது.

என் தாத்தா தோட்டத்தில் வேலை செய்தவர். பால்மரம் சீவிய காலம் போக, பிற்காலத்தில் ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்தும் கூடத்தில் வேலை. விறகுப் புகை, ஐம்பது அறுபது பாகை வெப்பம், கண் எரிச்சல், இருமல். தகடுகளைத் தொங்கவிடவும் திருப்பவும் அந்தக் கூடத்துக்குள் ஒரு நாளைக்குப் பலமுறை போய்வர வேண்டும். வியர்வை ஆறாக ஓடும் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்கு அதற்கு நாள் கூலி கொடுத்தார்கள். அற்பக் கூலிதான். அந்த அற்பக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் என் தந்தையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார். மூன்றாம் தலைமுறையில் நாம் பலகை அடித்த அறையில் அதே வெப்பத்தைத் தேடி மாதம் 327 ரிங்கிட் கட்டப் போகிறோம். தாத்தா உயிரோடு இருந்து இதைக் கேள்விப்பட்டிருந்தால் திட்டியிருக்க மாட்டார். விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

நமக்கென்று வெப்பக் குளியல் இல்லாமலா போயிற்று? நல்லெண்ணெயைச் சூடுகாட்டித் தலையில் தேய்த்து, வெந்நீரில் குளித்தோம். சளி பிடித்தால் நொச்சி இலையைக் கொதிக்கவைத்துப் போர்வைக்குள் வேது பிடித்தோம். இதனால் எல்லா நோயும் தீரும் என்று நான் புளுக மாட்டேன். அப்படிப் புளுகுவதும் விளம்பரத் தாளின் வேலையே. உடம்புக்கு இதமாக இருந்தது. ஒரு சட்டி, ஒரு போர்வை, கொஞ்சம் இலை. கடன் பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

"என் பணம், என் உழைப்பு, என் வீடு. ஆசைப்பட்டதைச் செய்ய எனக்கு உரிமையில்லையா?" என்று கேட்பவர் உண்டு. நண்பரும் கேட்டார். உரிமை உண்டு. வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் தனியாக, கைப்பேசி இல்லாமல் உட்கார ஓர் இடம் வேண்டும் என்றார் அவர். இதை என்னால் ஏளனம் செய்ய முடியவில்லை. நிகழறிக்கை, தர அறிக்கை, புலனக்குழுவில் இரவு பதினொரு மணிக்கு வரும் கட்டளை... நமக்கு அப்படி ஓர் இடம் தேவைதான். ஆனால் கதவைச் சாத்திக்கொள்ள எதற்கு 28,000 ரிங்கிட்? அந்தப் பொருள் வைப்பறையைச் சுத்தம் செய்து ஒரு சாய்வு நாற்காலி போட்டால் போதாதா? சௌனாவின் வெப்பமே வேண்டுமென்றால், சௌனா உள்ள உடற்பயிற்சி நிலையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. ஆறு மாதம் போய்ப் பாருங்கள். ஏழாவது மாதமும் கால்கள் தாமாக அங்கே போனால் அப்போது வீட்டில் கட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது நண்பரின் மகள் பழங்கள் கொண்டு வந்து வைத்தாள். நான்காம் ஆண்டு படிக்கிறாள். இரண்டாண்டுக்கு முன் எங்கள் பள்ளிக் கலைவிழாவுக்கு வந்து ஆடியவள். அலாரிப்பு முடிந்ததும் மூச்சு வாங்க ஓடிவந்து, "மாமா, தாளம் தப்பவில்லையே?" என்று கேட்டவள். இப்போதும் ஆடுகிறாயா அம்மா என்று கேட்டேன். அவள் தன் தந்தையைப் பார்த்தாள். மார்ச் மாதத்தோடு நடன வகுப்பை நிறுத்திவிட்டார்களாம். மாதம் 80 ரிங்கிட். போக்குவரத்துச் செலவு வேறு. "கொஞ்சம் இறுக்கம் சார், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று..." என்றார் நண்பர்.

நான் அதன்பின் சௌனாவைப் பற்றி எதுவும் பேசவில்லை. தாளின் பின்பக்கத்தில் 327 என்று எழுதினேன். அதன் கீழே 80 என்று எழுதினேன். கழித்துக் காட்டவில்லை. இருவருமே கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் பத்து விழுக்காடு தள்ளுபடி என்று விற்பனையாளர் அவசரப்படுத்தியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை போய்விட்டது. தள்ளுபடியை இன்னும் இரண்டு வாரம் நீட்டித்திருக்கிறார்களாம். மின்கம்பியைப் பற்றி மீண்டும் கேட்டதற்கு இதுவரை எழுத்தில் பதில் வரவில்லை. நண்பர் நேற்றுப் பள்ளி முடிந்ததும் அழைத்தார். பொருள் வைப்பறையைக் காலி செய்துவிட்டாராம். எதற்காக என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உடைந்த மிதிவண்டி வேண்டுமா என்று மட்டும் கேட்டார். வாழ்வியல் கல்விப் பட்டறைக்கு ஆகும், கொண்டு வாருங்கள் என்றேன்.